வெர்டீனா காப்பைத் தோற்கடித்தவள்

வெர்டீனா காப் தேவாலயத்தில் பாடித்தான் பாட்டுக்காரி ஆனாள் என்று எழுதுகிறார்கள். எல்லாப் பாடகிகளுக்கும் அப்படி எழுதி எழுதிக் கை பழகிவிட்டது, இவளுக்கும் எழுதிவிட்டார்கள். தேவாலயத்தில் அவளைப் பாடவே விடவில்லை. குரல் ஆம்பிளைக் குரலாக இருக்கிறதென்று பாடகர் குழுத் தலைவி அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருந்தாள். அவள் பாடிப் பழகியது எங்கள் ஹூஸ்டனில், கறுப்பர்கள் குடியிருந்த மூன்றாம் வார்டில் இருந்த ஒரு சலவைக்கடையில். நீராவி இஸ்திரி எந்திரங்கள் வரிசையாக நின்று இரைகிற பெரிய கூடம் அது. பக்கத்தில் நிற்பவளிடம் ஒரு வார்த்தை பேசுவதற்குக்கூடக் கத்த வேண்டும். வெர்டீனா கத்தவில்லை. அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்து, அந்த இரைச்சலுக்குக் கீழே விட்டாள். அது தரையோடு ஓடிக் கூடத்தின் அந்தக் கோடிவரை போய்ச் சேர்ந்தது. வெள்ளைக்காரர்களின் சட்டைக் காலர்களுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டே நாங்கள் எல்லோரும் அதைக் கேட்டோம்.

நாங்கள் என்றால் நானும்தான். நான் மெர்டில் ஓக்ஸ், அவளுக்குப் பியானோ வாசித்தவள். பழைய படங்களில் அவளுடைய முழங்கைக்குப் பின்னால் பாதி முகம் தெரியுமே, அது என் முகம். இந்தக் கதையைச் சொல்ல என்னைவிடத் தகுந்த ஆள் உயிரோடு இல்லை. இருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன்.

கறுப்பர்களின் இசைத்தட்டுகளை ஒரு மூலையில் ஒதுக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்த காலம் அது. அப்போதுதான் பத்திரிகைக்காரர்கள் அதற்கு ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று புதுப்பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்ததால் நாங்கள் ஒன்றும் மாற்றி வாசிக்கவில்லை. வெர்டீனா ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள், ‘என் அடுப்பு இன்னும் சூடுதான்’ என்று. மெதுவாக, இழுத்து, தணிந்த குரலில் பாடுகிற பாட்டு. இசைத்தட்டுக் கம்பெனிக்காரன் அதைப் பதிவு செய்து எடுத்துப் போனான். தட்டு வெளியே வந்ததும் ஆளுக்கொரு வேர்க்கடலைப் பொட்டலத்தோடு, காசு போட்டால் தட்டுப் பாடுகிற ஜூக்பாக்ஸ் முன்னால் உட்கார்ந்து கேட்டோம். பாட்டு குதித்துக் குதித்து ஓடியது. குரல் ஒரு கட்டை மேலே போய், பள்ளிக்கூடப் பெண் மாதிரிக் கீச்சென்றிருந்தது.

“யாரு இந்தக் குட்டி?” என்று கேட்டாள் வெர்டீனா.

பதிவு நாடாவை வேகமாக ஓட்டித் தட்டு அடித்திருக்கிறான் அந்த ஆள். இளசாகக் கேட்டால்தான் விலைபோகும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். விலைபோனது என்பதுதான் வயிற்றெரிச்சல். டெக்ஸஸ் முழுக்க, லூயிசியானா முழுக்க ஜூக்பாக்ஸ் இருந்த இடமெல்லாம் அந்தக் கீச்சுக் குரல்தான். எங்களை ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். முதல் பாட்டில் சனங்கள் கொஞ்சம் முழிப்பார்கள், இரண்டாவது பாட்டில் தட்டை மறந்துவிடுவார்கள். அதனால் நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஹார்லன் ஃபெர்ரியில்தான் மாட்டிக்கொண்டோம். கிழக்கு டெக்ஸஸில் ஆற்றோரமாக இருக்கிற ஊர். ஜூன் பத்தொன்பது, அடிமைத்தளை அறுந்த எங்கள் விடுதலை நாள் விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நாங்கள் போய் இறங்கியபோது நடுப்பகல். பீக்கன் மரங்களுக்குக் கீழே குழி வெட்டி முழுப் பன்றியாகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சிவப்பு சோடா புட்டிகள் ஐஸ் தொட்டியில் மிதந்தன. அந்தப் பக்கம் பேஸ்பால் ஆட்டம். பெண்களெல்லாம் கஞ்சி மொடமொடப்புக் குலையாத புது உடுப்பில் நின்றார்கள். அன்றைக்குப் பழைய உடுப்போடு வருகிறவளை எங்கள் சனம் மனுஷியாகவே மதிக்காது.

விழாத் தலைவர் மிஸ்டர் ஓசெல் பெட்வே. ஊரில் சவப்பெட்டிக் கடை வைத்திருந்தவர். அந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டு, கையில் தம் கடைப் பெயர் அச்சடித்த அட்டை விசிறி. காரிலிருந்து இறங்கிய வெர்டீனாவைப் பார்த்துத் தொப்பியை எடுத்தார்.

“வாங்க வாங்க. மிஸ் காப் பின்னாடி வண்டில வர்றாங்களா?”

“முன்னாடி வண்டிலயே வந்துட்டாங்க. நான்தான்.”

பெட்வே சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை என்று கண்டதும் தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார்.

“அம்மா, மிஸ் காப் எனக்கு நல்லாப் பழக்கம். ஈஸ்டருக்கு வந்தாங்க. இந்தக் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் மேடை ஏறினாங்க.”

“எந்தக் கைய?”

“இந்தக் கையத்தான்.”

“கழுவிட்டீங்களா இல்லியா?” என்றான் எங்கள் சாக்ஸபோன்காரன் ராஸ்கோ. நான் அவன் காலை மிதித்தேன்.

பெட்வே பர்ஸிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். மெலிந்த, வெளிர்நிறப் பெண் ஒருத்தி, தலையில் இறகு சொருகி, ஒரு தோளைக் காட்டிக்கொண்டு நின்றாள். ‘அன்புள்ள ஓசெல்லுக்கு, வெர்டீனா காப்’ என்று சாய்வாகக் கையெழுத்து வேறு.

எனக்கு விளங்கிவிட்டது. தட்டில் குரல்தான் இருக்கும், முகமா இருக்கும்? ஒரு பாட்டு ஓடினால் போதும், எங்கோ ஓர் ஏஜெண்டு எவளையாவது பிடித்து, அந்தப் பாட்டுக்காரியின் பெயரை அவள் தலையில் கட்டி, பெரிய ஊர்களை விட்டுவிட்டுச் சின்ன ஊர்களாகப் பார்த்து அனுப்பிவிடுவான். மற்றவர்களுக்கு நடந்தது என்று கேள்விப்பட்டிருந்தோம். எங்களுக்கும் நடக்கும் என்று நினைக்கவில்லை. வெர்டீனா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“அழகாத்தான் இருக்கா. எழுத்துகூட என்னோடதைவிட நல்லா இருக்கு,” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. காதோரத்தில் நரம்பு துடித்ததை நான் பார்த்தேன்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. எவனோ போய், காப்பிக்கடைக்காரர் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து வைத்திருந்த ஜூக்பாக்ஸில் அந்தத் தட்டைப் போட்டுவிட்டான். கீச்சுக்குரல் மரத்தடியெல்லாம் குதித்தது. சனங்கள் தட்டையும் வெர்டீனாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவள் ஆறடிக்குக் கொஞ்சம்தான் கம்மி. தோள் இரண்டும் சலவைக்கடைத் தோள்.

“அது உங்க குரலாம்மா?” என்றார் பெட்வே.

“என் குரல்தான். மெஷின்ல கெடுத்து வச்சிருக்கானுங்க.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“மெஷின் பாவம், அதுக்கு வாயில்ல,” என்றாள் சோடாத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒருத்தி. பெருத்த கைகள், வெள்ளை ஏப்ரன், நாக்கில் நெருப்பு. தேவாலய வழக்கத்தில் அவளை சிஸ்டர் ஹெஸ்டர் என்பார்கள் என்றும், ஊரில் பாதிப்பேர் அவள் கையில்தான் பிறந்தார்கள் என்றும் அப்புறம் தெரிந்துகொண்டேன். “ஈஸ்டருக்கு வந்த பொண்ணு இதே மாதிரிதான் பாடுச்சு, கண்ணு. அச்சு அசல். நீ அவ பேரச் சொல்லிக்கிட்டுப் பொழைக்க வந்திருக்கே. நல்ல நாளும் அதுவுமா இதெல்லாம் தேவையா?”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தொட்டியை அவள் தலையில் கவிழ்த்திருப்பேன். பெட்வே என்னை முந்திக்கொண்டார்.

“பாருங்கம்மா, நாங்க மரியாதப்பட்டவங்க, போலீஸு கீலீஸுன்னு போகமாட்டோம். ஆனா அடுத்தடுத்த ஊர்ல விழா நடத்துறவங்க எல்லாம் எங்க சங்கத்து ஆளுங்க. ராத்திரிக்குள்ள போன் பண்ணிருவேன். போலி ஒண்ணு சுத்துதுன்னு.”

நாங்கள் போகவேண்டிய ஊர் எல்லாம் இந்த மனிதரின் சங்கத்து ஊர்கள். அவர் வாயைத் திறந்தால் அந்தக் கோடை முழுக்க ஒரு கதவும் எங்களுக்குத் திறக்காது. அதுகூடப் போகட்டும். வெர்டீனா காப் என்பது ஏஜெண்டு வைத்த பெயர் இல்லை, அவளுடைய அம்மா வைத்த பெயர். அதைச் சொன்னால் போலி என்று துரத்துவார்கள் என்றால், அப்புறம் அவள் எந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிவது?

காருக்குப் பின்னால் அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

“அடியே, நான் சொல்றதக் கேளு. ஒரு கட்ட ஏத்தி வாசிக்கிறேன். ராஸ்கோ வேகமா ஊதட்டும். நீ தொண்டைய இறுக்கி, அந்தத் தட்டு மாதிரியே பாடிடு. உன்னால முடியும்.”

“முடியும்.”

“அப்புறம் என்ன?”

“மெர்ட், தட்டு என்னக் கெடுத்துக் காப்பியடிச்சுது. அந்தப் பொண்ணு தட்டக் காப்பியடிச்சா. இப்ப நான் அவளக் காப்பியடிச்சுத்தான் நான் நானுன்னு காட்டணுமா?”

“வயித்துப் பொழப்பைப் பாருடி. ரோஷத்த அப்புறம் பாத்துக்கலாம்.”

“ரோஷத்த விட்டுட்டுப் பாடினா, இங்க நம்புவாங்க. அடுத்த ஊர்லயும் அப்படித்தான் பாடணும். அதுக்கடுத்த ஊர்லயும். சாகறவரைக்கும் நான் அந்தக் குட்டியாவே இருக்கணும்.” அவள் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு ஒத்து வராது.”

நேரே பெட்வேயிடம் போனாள்.

“மிஸ்டர் பெட்வே, நீங்க ஒண்ணும் நம்ப வேணாம். என் பேரையே சொல்லாம மேடை ஏத்துங்க. புடிக்கலேன்னா நாங்களே கெளம்பிடறோம், ஊரு ஊரா சொல்லிக்கோங்க. புடிச்சா, நான் யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க.”

பெட்வே சுற்றிலும் பார்த்தார். விடுதலை நாள், ஊரே உடுத்திக்கொண்டு வந்திருக்கிறது, ஆடுவதற்குப் பலகை அடித்துத் தளம் போட்டாயிற்று, வேறு பாட்டுக்காரர்கள் இல்லை. விசிறியை மடக்கி மேடையைக் காட்டினார். மேடையில் இருந்த ஒலிபெருக்கியும் அவருடையதுதான், கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் வாசிக்க வைத்திருந்தது. அதில் பேசும்போது அவருக்குக் கல்லறை ஜெபக் குரல் தானாக வந்துவிட்டது.

“அன்பான ஊர் மக்களே, மிஸ் வெர்டீனா காப் இன்று நம்மிடையே இல்லை. அவருக்குப் பதிலாக ஓர் அம்மையார் பாடுவார். அமைதி காக்கவும்.”

தான் வரவில்லை என்று அறிவிப்பதை மேடையில் நின்றே கேட்ட பாட்டுக்காரி உலகத்தில் அவள் ஒருத்திதான். திரும்பி என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையையா என்று எனக்குத் தெரியவில்லை. “அடுப்பு,” என்றாள் மெதுவாக. “கீழ இருந்து. நான் கட்டின மாதிரி.”

முதல் பாட்டாகவே அதையா, என் வயிற்றில் பிறந்த பிள்ளையாக இருந்தால் அறைந்திருப்பேன். ஆனாலும் கை அவள் சொன்ன சுருதிக்குப் போய்விட்டது. என் கை எப்போதும் அவள் பேச்சைத்தான் கேட்கும்.

அவள் மைக்கைக் கம்பத்தோடு தூக்கி ஓரமாக வைத்தாள். பாட ஆரம்பித்தாள்.

முதல் வரிக்குச் சனங்கள் ஆடுவதற்குத் தயாராகக் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். ஆட முடியவில்லை, பாட்டு அவ்வளவு மெதுவாகப் போனது. இரண்டாவது வரிக்கு ஒருவன் “தப்பாப் பாடுறா” என்றான். மூன்றாவது வரிக்கு அவன் வாயை மூடிக்கொண்டான். தட்டில் அது ஒரு துடுக்குப் பெண்ணின் பாட்டு, வா வா என்று கண்ணடிக்கிற பாட்டு. வெர்டீனா பாடும்போது அது வேறு. அடுப்பை அணைக்காமல் வைத்திருக்கிறாள் ஒருத்தி. சோறு ஆறக்கூடாது. வருகிறேன் என்று சொன்னவன் வருவானா என்று அவளுக்குத் தெரியாது, இருந்தாலும் விறகை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறாள், யார் என்ன சொன்னாலும் தள்ளுவாள். பிச்சை கேட்கிற குரலே இல்லை அதில். என் அடுப்பு, என் விறகு, என் இஷ்டம் என்கிற குரல்.

பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தவர்கள் மட்டையும் கையுமாக வேலியருகே வந்து நின்றார்கள். ஒலிபெருக்கி இல்லாமலே அங்கேவரை போயிருக்கிறது. சோடாத் தொட்டிப் பக்கம் பார்த்தேன். சிஸ்டர் ஹெஸ்டர் புட்டியைத் திறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். வாங்க வந்தவனும் கேட்கவில்லை. அவளுடைய மூத்த மகன் கொரியாச் சண்டையில் இருந்தான் என்று பிறகு சொன்னார்கள். ஏப்ரனைத் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டாள், எடுக்கவே இல்லை.

பாட்டு முடிந்தது. ஒரு கைத்தட்டல் இல்லை. அப்போது ஏப்ரனுக்குள்ளிருந்து ஹெஸ்டரின் குரல் வந்தது.

“இன்னொரு தடவ பாடு.”

அவ்வளவுதான், மரத்தடி வெடித்தது. இன்னொரு தடவை பாடினாள், இந்தத் தடவை ராஸ்கோ சாக்ஸபோனைத் தூக்கிக் கூடச் சேர்ந்துகொண்டான். அதற்குப் பிறகு நாங்கள் நிறுத்தவே இல்லை. பலகைத் தளம் ஆட்டத்தில் ஓர் ஓரமாக இறங்கிவிட்டது. பன்றி சுடுகிறவர்கள் வந்து ஆடிவிட்டு ஓடிப்போய்த் திருப்பிப் போட்டார்கள். கஞ்சி போட்ட உடுப்பெல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. யாரும் கவலைப்படவில்லை. நான் எத்தனையோ மேடையில் வாசித்திருக்கிறேன், நியூயார்க்கில்கூட. அந்தப் பகலைப்போல ஒன்றை அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய்யாகும். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

வெயில் தாழ்ந்து நாங்கள் இறங்கும்போது பெட்வே மேடைப் படியருகே நின்றார். கோட்டைக் கழற்றியிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“அம்மா, செத்தவங்க பேர ஒரு எழுத்துகூட நான் மாத்தி எழுதினதில்ல. கல்லுல வெட்டறதாச்சே. இன்னைக்கு உயிரோட இருக்கறவங்க பேரப் புடுங்கிட்டேன். அந்தப் பொண்ணு என்னை ‘சர்க்கரக்கட்டி’ன்னு கூப்பிட்டா, நான் மயங்கிட்டேன்.”

“வெயில் காலத்துல சர்க்கரக்கட்டி கரையறது சகஜம்,” என்றாள் வெர்டீனா.

அவர் படியேறிப் போய் மைக்கைத் திரும்ப நடுவில் வைத்தார். ஊருக்கு முன்னால் தன் மூக்கைத் தானே உடைத்துக்கொள்ளப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த மனிதர்மேல் அந்த நிமிஷம் மரியாதை வந்தது.

“ஊர் மக்களே, நான் தப்புப் பண்ணிட்டேன். ஈஸ்டருக்கு வந்தது போலி. இப்ப பாடினவங்கதான் நெஜமான மிஸ் வெர்டீனா காப்.”

ஊர் அவரைப் பார்த்து ஊளையிட்டது.

“போதும் பிரதர் பெட்வே, வெயில் தலைக்கேறிடுச்சு!”

“வெர்டீனா காப்பு எங்க, இந்தம்மா எங்க?”

“இவங்களப் போய் அவகூடச் சேக்குறீங்களே.”

பெட்வே கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். யாரும் அவரைச் சட்டை செய்யவில்லை. அந்தப் பெயரை வெர்டீனாவுக்குக் கொடுத்தால் அவளுக்குக் குறைச்சல் என்று ஊரே கோபித்துக்கொண்டு நின்றது. வெர்டீனா சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள், கண்மை கன்னத்தில் வழிந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹெஸ்டர் வந்தாள். ஐஸில் கிடந்த சோடா ஒன்றை வெர்டீனாவின் கையில் திணித்தாள்.

“கண்ணு, நீ அவளத் தோக்கடிச்சிட்டே. இனிமே அவ பேர எதுக்குச் சொமக்கறே? உனக்குன்னு ஒரு பேரு இல்லியா? உங்கம்மா வைக்கலியா?”

வெர்டீனாவின் சிரிப்பு நின்றது. ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் போதும், அந்த ஊர் அதைத் தலையில் வைத்துக் கூத்தாடியிருக்கும்.

“வச்சாங்க, சிஸ்டர். வெர்டீனா. ரோஸ்பட் காப்போட மக. அம்மா ஊரார் துணி தொவச்சாங்க, நான் இஸ்திரி போட்டேன். இந்தப் பேரத் தவிர அவங்க எனக்கு எதும் விட்டுட்டுப் போகல. அத யாருக்கும் விட்டுக்குடுக்க முடியாது.”

ஹெஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். எத்தனையோ பிள்ளைகளைக் கையில் ஏந்தி, இது யார் ஜாடை என்று சொன்னவள் பார்க்கிற பார்வை. பிறகு திரும்பி, பெட்வேயின் ஒலிபெருக்கி தோற்கும்படி ஊருக்குச் சொன்னாள்.

“ரெண்டு பேரு இருக்காங்கப்பா, வேற ஒண்ணுமில்ல. ஈஸ்டருக்கு வந்தது சின்ன வெர்டீனா. இது பெரிய வெர்டீனா. சண்ட முடிஞ்சுது, எல்லாரும் சாப்பிட வாங்க.”

ஊர் ஒத்துக்கொண்டது. சாப்பிட்டோம். பெட்வே சொன்னபடியே போன் செய்தார். என்ன சொன்னார் என்பது அடுத்த ஊருக்குப் போனதும் தெரிந்தது. நடனக் கூடத்தின் வாசலில் எங்கள் சுவரொட்டி. அச்சில் இருந்த வெர்டீனா காப்புக்கு மேலே, கிடைத்த இடத்தில், யாரோ சிவப்புச் சாயத்தைத் தொட்டுத் தூரிகையால் ‘பெரிய’ என்று எழுதியிருந்தார்கள். சாயம் இன்னும் காயவில்லை. அந்தப் பெயரிலேதான் அவள் பிறகு பதினெட்டு மாநிலம் சுற்றினாள். அதை எடுத்துவிடு, குண்டு என்று நினைப்பார்கள் என்று கம்பெனிக்காரன் கெஞ்சினான், அவள் கேட்கவில்லை. அவன் அடுத்த தட்டின் வேகத்தில் கைவைக்கவும் இல்லை.

ஆனால் அதெல்லாம் பின்னால். அந்த அடுத்த ஊரில் போய் இறங்கிய சாயங்காலம் அவள் உள்ளே போகாமல் அந்தச் சுவரொட்டியின் முன்னால் நின்றாள். ராஸ்கோ இரண்டு முறை கூப்பிட்டான். எதற்கும் அசையாத வெர்டீனாவின் கண் கலங்கியிருந்தது.

“பாத்தியா மெர்ட், பாதி எங்கம்மா வச்சது, பாதி நம்ம சனம் வச்சது,” என்றாள். “கம்பெனிக்காரன் வச்சது இதுல ஒரு எழுத்துகூட இல்ல.”